சுகார்த்தோவை யாரும் விசாரிக்கவில்லை

2025 நவம்பர் 10 அன்று இந்தோனேசிய அரசு பத்துப் பேருக்குத் தேசிய நாயகர் பட்டம் கொடுத்தது. பட்டியலில் முன்னாள் ராணுவ அதிபர் சுகார்த்தோ இருந்தார். மார்சினாவும் இருந்தார். மார்சினா கிழக்கு ஜாவாவில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு கூலி உயர்வுக்காகப் போராடிய பெண். 1993இல், சுகார்த்தோ ஆட்சியில், கடத்திக் கொன்றுவிட்டார்கள். இப்போது இருவருக்கும் ஒரே நாளில் ஒரே பட்டம். கொடுத்தவர் அதிபர் பிரபோவோ, சுகார்த்தோவின் முன்னாள் மருமகன்.

இதை வைத்து, அங்கே எதுவுமே மாறவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1998 மே மாதம் மாணவர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்த பிறகு, 32 ஆண்டு ஆண்ட சுகார்த்தோ பதவி விலகினார். அடுத்த ஆறு ஆண்டுகளில் நடந்தது சாதாரண வேலை அல்ல. மூன்றே கட்சிகளுக்கு அனுமதி இருந்த நாட்டில் 1999 தேர்தலில் 48 கட்சிகள் நின்றன. அரசியல் சட்டத்தை நான்கு முறை திருத்தினார்கள். அதிபருக்கு இரண்டு தவணைதான் என்று வரம்பு வந்தது. அதிகாரமும் பணமும் ஜகார்த்தாவிலிருந்து மாவட்டங்களுக்குப் போயின. 1999இல்கூட 38 நியமன உறுப்பினர்களை வைத்திருந்த ராணுவம் 2004இல் நாடாளுமன்றத்தை விட்டே வெளியேறியது. அதே ஆண்டு மக்கள் முதல்முறையாக அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஊழல் ஒழிப்பு ஆணையம் பிடித்தவர்களில் நாடாளுமன்ற சபாநாயகரே ஒருவர். 2018இல் அவருக்கு 15 ஆண்டு சிறை விதித்தார்கள்.

விட்ட இடம் வேறு. சட்டத்தை மாற்றினார்கள், ஆளைத் தொடவில்லை. 2000இல் சுகார்த்தோ மீது ஊழல் வழக்கு வந்தது. உடல்நிலை சரியில்லை என்று கைவிட்டார்கள். சிறைக்குப் போகாமலேயே 2008இல் செத்தார். சுகார்த்தோ தலைமையில் ராணுவம் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய 1965-66 படுகொலைகளில் குறைந்தது ஐந்து லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. 2023இல் அதிபர் ஜோகோ விடோடோ அதற்கு வருத்தம் தெரிவித்தார். கொன்றது யார் என்று மட்டும் சொல்லவில்லை. மாணவச் செயற்பாட்டாளர்கள் கடத்தப்பட்ட விவகாரத்தில் 1998இல் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டவர் பிரபோவோ. காணாமல் போனவர்களில் 13 பேர் இன்றுவரை திரும்பவில்லை. 2019இல் பிரபோவோவைப் பாதுகாப்பு அமைச்சராக்கியதும் இதே விடோடோதான். ஐந்தே ஆண்டில் அவர் அதிபர்.

விசாரணை என்று கிளம்பியிருந்தால் ராணுவம் திருப்பி அடித்திருக்கும், விட்டுக்கொடுத்ததால்தான் அமைதியாக ஒதுங்கியது என்பார்கள். 1999க்கு அந்த வாதம் சரி, ஒப்புக்கொள்கிறேன். 2010க்கும் அதே சாக்கா? தென் கொரியாவில் முன்னாள் ராணுவ அதிபர்கள் இருவரை 1996இல் கூண்டில் ஏற்றித் தண்டித்தார்கள். அடுத்த ஆண்டே மன்னித்தும் விட்டார்கள். ஆனாலும் தீர்ப்பு பதிவாகிவிட்டது. 2024 டிசம்பரில் அங்கே ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்து உள்ளே போய், 190 பேர் வாக்களித்துச் சில மணி நேரத்தில் அதை ரத்து செய்தார்கள். ஒரு பழைய தீர்ப்புதான் இதைச் செய்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'முன்பு செய்தவர்கள் கூண்டில் நின்றார்கள்' என்ற நினைவு ஒரு நாட்டுக்கு இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

இந்தோனேசியாவில் ஆளை விட்டதால் இப்போது அமைப்புகளும் ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. 2019இல் ஊழல் ஒழிப்பு ஆணையத்தின் பல்லைப் பிடுங்கினார்கள். 2023இல் அரசியல் சாசன நீதிமன்றம் வயது வரம்பைத் தளர்த்தி, விடோடோவின் 36 வயது மகனைத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட வைத்தது. தலைமை நீதிபதி அந்தப் பையனின் அத்தையைக் கட்டியவர்! 2025 மார்ச்சில் பணியில் இருக்கும் ராணுவத்தினர் வகிக்கக்கூடிய சிவில் பதவிகளையும் அதிகமாக்கிவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் 2024 ஆகஸ்டில், உள்ளாட்சித் தேர்தல் விதிகளைத் தங்களுக்கு வசதியாக மாற்ற நாடாளுமன்றம் முயன்றபோது, மாணவர்கள் வாசலை முற்றுகையிட்டார்கள். மசோதா அன்றைக்கே கைவிடப்பட்டது. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் சுகார்த்தோ பதவி விலகிய பிறகு பிறந்தவர்கள். தேசிய நாயகர் பட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லி இவர்களில் யாராவது வழக்குப் போடுவார்களா என்றுதான் பார்க்கிறேன்.