அந்தப் பிள்ளை கையை இறக்கிக்கொண்டாள்

சனிக்கிழமை நம்ம விழாவில், பிள்ளைகளுக்கு நான் நடத்திய வினாடிவினா பாதியில் நின்றது எப்படி என்று வந்திருந்த எல்லாருக்கும் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் வாட்ஸ்அப்பில் போயிருக்கும். அதனால் முழுசாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. என் கையிலிருந்து மைக்கை வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. நேரமாகிவிட்டது, சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லி வாங்கியிருந்தால் நானே இறங்கி வந்து பந்தியில் பரிமாறப் போயிருப்பேன். "ஓபரா, பேஸ்பால் எல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்குங்க? நம்ம விஷயமா கேளுங்க" என்று அத்தனை பேர் முன்னால் மைக்கில் சொன்னீர்கள். அதுதான் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

தலைப்பை "நம்ம ஊர்" என்று வைத்தது நான் இல்லை, விழாக்குழு. பத்துக் கேள்வி தயார் பண்ணச் சொன்னதும் விழாக்குழுதான். மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் எழுதினேன். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் பிறந்து வளர்கிற பிள்ளைக்கு "நம்ம ஊர்" எது? தாத்தா பாட்டி ஊரா? அதுவும்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தப் பிள்ளை தினமும் எழுந்து பள்ளிக்கூடம் போகிற ஊர் எது? இந்த ஊரின் கதை அந்தப் பிள்ளைக்குச் சொந்தமில்லை என்று சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது?

என் முதல் கேள்வி ஒரு ராத்திரியைப் பற்றியது. 1906 ஏப்ரல் 17. நியூயார்க்கிலிருந்து மெட்ரோபாலிடன் ஓபரா என்ற இசைநாடகக் குழு வந்திருக்கிறது. மிஷன் தெருவில் இருந்த கிராண்ட் ஓபரா ஹவுஸில் பேர்போன இத்தாலியப் பாடகர் கரூசோ 'கார்மென்' இசைநாடகத்தில் பாடுகிறார். பாடி முடித்து பேலஸ் ஹோட்டலில் போய்ப் படுக்கிறார். விடிகாலை 5.12க்குப் பூமி ஆடுகிறது. பின்னாலேயே வந்த தீயில் அந்த ஓபரா ஹவுஸ் போனது. எட்டாவது தெருவும் ஹாரிசன் தெருவும் சேருகிற இடத்தில் இருந்த ரிக்ரியேஷன் பார்க் என்ற பேஸ்பால் மைதானமும் போனது. சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணி தண்ணீரைத் தாண்டி ஓக்லண்டில் போய் ஆட வேண்டி வந்தது. கரூசோ போனவர் போனவர்தான், சாகும்வரை இந்த ஊர்ப் பக்கம் தலைவைக்கவில்லை.

ஒரே பூகம்பம், பாட்டுக் கொட்டகையையும் மைதானத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போனது. இரண்டையும் நாம்தான் தனித்தனியாகப் பிரித்து, இரண்டுமே நமக்கு வேண்டாம் என்கிறோம்.

நாலு வருஷம் கழித்து, 1910 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி, மார்க்கெட் தெருவில் லோட்டாஸ் நீரூற்றுப் பக்கத்தில் மேடை போட்டு ஓபரா பாடகி லூயிசா டெட்ராசினி பாடினார். டிக்கெட் கிடையாது. ஒப்பந்தம் போட்டவரோடு அவருக்குத் தகராறு. அரங்கத்தில் பாடவிடாவிட்டால் சான் பிரான்சிஸ்கோ தெருவில் பாடிக்கொள்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி வந்து நின்றார். இரண்டு லட்சத்துக்கு மேல் கூட்டம் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. மைக் இல்லாத காலம். எரிந்துபோன ஊரை அப்போதுதான் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதைவிட "நம்ம ஊர்" என்ற தலைப்புக்குப் பொருத்தமான கேள்வியை யாராவது கொண்டுவாருங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

"ஓபரா பணக்காரன் விஷயம்" என்று ஒரு அண்ணன் கமெண்ட் போட்டிருந்தார். அண்ணா, உங்கள் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன். இங்கே இருக்கிற வார் மெமோரியல் ஓபரா ஹவுஸ் ஒரு கோடீஸ்வரர் கட்டிக் கொடுத்தது இல்லை. 1927இல் 40 லட்சம் டாலருக்கு நகரக் கடன் பத்திரம் போட்டுக் கட்டியது. முதல் உலகப்போரில் செத்தவர்கள் நினைவாகக் கட்டியது. 1932 அக்டோபர் 15 அன்று 'டோஸ்கா' ஓபராவோடு திறந்தார்கள். இன்றைக்கும் அது நகரத்தின் சொத்து. சோம்பேறித்தனம் பார்க்காமல் காலையில் போய் வரிசையில் நின்றால், நின்றுகொண்டே பார்க்க 10 டாலருக்கு டிக்கெட் கொடுத்தார்கள், நான் வாங்கியிருக்கிறேன். 2000இல் திறந்த பேஸ்பால் மைதானம்தான் தனியார் பணத்தில் கட்டியது. எது பணக்காரன் வீடு, எது பொதுவீடு என்று இப்போது சொல்லுங்கள்.

யார் கேட்டார்கள் ஓபராவை? நார்த் பீச்சில் இருந்த இத்தாலிய மீன்பிடிக்காரர்கள், காய்கறிக்காரர்கள், முடிவெட்டுகிறவர்கள். சான் பிரான்சிஸ்கோ ஓபராவை 1923இல் தொடங்கிய கேட்டானோ மெரோலா நேப்பிள்ஸ்காரர். அதற்கு முந்தின வருஷம் ஸ்டான்ஃபோர்டில் கால்பந்து ஆடுகிற ஸ்டேடியத்திலேயே மேடை போட்டு ஓபரா நடத்திக் காட்டிய மனிதர். அதே நார்த் பீச்சில் வளர்ந்த மீன்பிடிக்காரர் மகன்தான் ஜோ டிமாஜியோ. 1933இல் சீல்ஸ் அணிக்காகத் தொடர்ந்து 61 ஆட்டங்களில் ஹிட் அடித்தபோது அவருக்கு 18 வயது. நாடே கொண்டாடியது. பிறகு போர் வந்ததும், குடியுரிமை வாங்காத காரணத்தால் அதே ஜோவின் அப்பாவை எதிரி நாட்டுக்காரர் என்று சொல்லி, தொழில் செய்த துறைமுகத்துக்கே போகக் கூடாது என்று தடுத்தார்கள். விசா புதுப்பிக்கப் போய்விட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நமக்கு இது வேற்றாள் கதையா?

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். அறுபதைத் தாண்டினவர். 83இல் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். அவர்தான் 2010 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டி, "தம்பி, வெளிக்கிடும். பாட்டுக் கேக்கப் போவம், காசில்லை" என்று கூட்டிக்கொண்டு போனார். போனது பேஸ்பால் மைதானத்துக்கு. இன்றைக்கு ஆரக்கிள் பார்க் என்கிறார்களே, அது. ஓபரா ஹவுஸில் நடக்கிற 'ஐடா' ஓபராவை அந்த நேரமே மைதானத்து ஸ்கோர்போர்டுத் திரையில் இலவசமாகக் காட்டுகிறார்கள். 2007 முதலே இப்படிச் செய்துகொண்டிருந்தார்கள்.

வாசலில், இந்த ஊர் பேஸ்பால் அணியான ஜயண்ட்ஸில் ஆடிய வில்லி மேஸின் சிலை. அவருடைய சட்டை எண் 24 என்பதால் சுற்றிலும் 24 பனை வகை மரங்கள். கீழ்வீட்டுக்காரர் ஒரு மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கட பனை இல்லை" என்று மட்டும் சொன்னார். உள்ளே போனால் அவுட்ஃபீல்டுப் புல்லில் ஆயிரக்கணக்கில் ஜனம் போர்வை விரித்து உட்கார்ந்திருக்கிறது. ஜயண்ட்ஸ் தொப்பி போட்ட பிள்ளைகள் ஓடுகின்றன. பூண்டு போட்டுப் பொரித்த உருளைக்கிழங்கு வாசனை. விரிகுடாக் காற்று எலும்புக்குள் போகிறது. அவர் ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீர் கொண்டுவந்திருந்தார்.

மூன்றாவது அங்கம். சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட எத்தியோப்பிய இளவரசி ஐடா, நைல் நதிக்கரையில் தனியாக நின்று பாடுகிறாள். என் தாய்நாடே, இனி உன்னை நான் காணவே மாட்டேன் என்று. வழக்கமாக ரன் கணக்கு காட்டுகிற பலகையில் அந்த வரி எழுத்தாக வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபிளாஸ்கு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறும்வரை குடிக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 1, ஜயண்ட்ஸ் உலகத் தொடரை ஜெயித்தது. 1958இல் அந்த அணி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல் கோப்பை. 52 வருஷக் காத்திருப்பு. ஊர்வலத்துக்கும் இருவரும் போனோம். ஊர்வலம் முடிந்த சிட்டி ஹாலுக்கு நேர் பின்னால்தான் ஓபரா ஹவுஸ். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தபோது, அவர் அந்தக் கட்டடத்தைக் கையைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, இதுக்குள்ளதான் ஜே.ஆர். வந்து நிண்டு கதைச்சவர்."

எனக்கு அதுவரை தெரியாது. ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் போட 1951 செப்டம்பரில் நாடுகள் கூடியது அந்த ஓபரா ஹவுஸில். இலங்கையின் அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன, வெறுப்பு வெறுப்பால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தர் வாக்கைச் சொல்லி ஜப்பானுக்காகப் பேசியது அந்த மேடையில். கைதட்டி ஓய்ந்த அந்தப் பேச்சுக்கு 32 வருஷம் கழித்து, 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது ஜனாதிபதி யார்? அதே ஜே.ஆர். அந்தத் தீக்குத் தப்பி வந்த மனிதர் அந்தக் கட்டடத்து வாசலில் ஜயண்ட்ஸ் தொப்பியோடு நிற்கிறார். "நம்ம விஷயமா கேளுங்க" என்றீர்களே. இது யார் விஷயம்? எட்டாவது கேள்வி இதுதான். கேட்கவிடவில்லை.

1964இல் மசனோரி முரகாமி ஜயண்ட்ஸுக்காகப் பந்து வீசினார். அமெரிக்கப் பெரிய லீகில் ஆடிய முதல் ஜப்பானியர் அவர். ஜப்பானோடு அந்தச் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி 13 வருஷத்தில், கையெழுத்தான அதே ஊர் அணியில். ஏழாவது கேள்வி அது.

இனி உங்களுடைய மற்ற ஆட்சேபங்கள். "பேஸ்பாலில் ஊக்கமருந்து, பேரி பாண்ட்ஸைப் பற்றியா பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்கள்?" 2007 ஆகஸ்ட் 7, ஜயண்ட்ஸுக்கு ஆடிய அவர் 756ஆவது ஹோம் ரன் அடித்துப் பழைய சாதனையை முறியடித்தது இந்த ஊரில் நடந்தது. அதன் மேல் இருக்கிற கறையும் இந்த ஊருடையதுதான். நான் அதைக் கேள்வியாக வைக்கவே இல்லை. அவ்வளவுதான் அதற்குப் பதில்.

"திருக்குறள் கேட்கலாமே?" கேளுங்கள். பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை குறள் சொல்லிக்கொடுக்கிறவனிடம் வந்து இதைச் சொல்கிறீர்கள். எனக்கு ஊர்ப்பற்று இல்லை, தமிழ்ப்பற்று குறைந்துவிட்டது என்று குழுவில் எழுதியவர் யார் என்றும் எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். யாதும் ஊரே என்று மேடைக்கு மேலே பேனர் கட்டியிருந்தோம், அதைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். பேனருக்குக் கீழே நின்று இந்த ஊர் நம்ம ஊர் இல்லை என்று சொன்னால், அந்த வரியை எதற்குக் கட்டினோம்?

"அவங்களே நம்மளை அவங்கள்ல ஒருத்தரா நினைக்கலையே" என்று தனிச்செய்தியில் ஒரு தங்கை எழுதியிருந்தார். இதை என்னால் சட்டென்று தள்ளிவிட முடியவில்லை. அம்மா, அதற்காகத்தான் ஆறாவது கேள்வியை வைத்தேன்.

1957 செப்டம்பர் 20. மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினப் பெண் லியான்டின் பிரைஸ், இந்த ஓபரா ஹவுஸில் பாடுகிறார். அமெரிக்காவின் பெரிய ஓபரா மேடை ஒன்றில் அவருக்கு அது முதல் முறை. அதே பருவத்தில் 'ஐடா' பாட வேண்டியவருக்குக் குடல்வால் கோளாறு வர, பிரைஸே அந்த வேடத்தையும் ஏற்றுப் பாடினார். ஊர் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டே மாதத்தில், நவம்பரில், வில்லி மேஸ் இந்த ஊருக்குக் குடிவருகிறார். பேஸ்பால் ஆடியவர்களிலேயே தலைசிறந்தவர் என்று பலரும் சொல்கிற ஆள். மிராலோமா டிரைவில் ஒரு வீடு பார்த்து, கேட்ட முழு விலையையும் கொடுக்கத் தயாராக நிற்கிறார். கறுப்பர் என்பதால் வீடு இல்லை என்றார்கள். அக்கம்பக்கத்தார் நெருக்கியிருந்தார்கள். பத்திரிகையில் வந்து, ஊர் வெட்கப்பட்டு, மேயர் தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொல்லி, அதன் பிறகுதான் வீடு கிடைத்தது. மேஸ் ஊரை விட்டு ஓடவில்லை. இருந்தார், ஆடினார். 2024 ஜூனில் 93 வயதில் அவர் காலமானபோது இந்த ஊர் அழுததை நாம் எல்லாரும் பார்த்தோம்.

வாடகைக்கு வீடு கேட்டுப் போய், சமையல் வாசனை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்களே, நம்மில் எத்தனை பேருக்கு அது நடந்திருக்கிறது? எனக்கு நடந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தெம்பு கொடுத்தது, கீழ்வீட்டுக்காரர் சொன்ன வில்லி மேஸ் கதைதான். அந்தக் கதையை நம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர் இப்போது இல்லை. ஓக்லண்டில் பெரிய லீக் பேஸ்பால் அணியே இல்லை. அங்கே இருந்த ஏ'ஸ் அணி 57 பருவம் ஆடிவிட்டு 2024 செப்டம்பர் 26 அன்று கொலிசியத்தில் கடைசி ஆட்டம் ஆடிக் கிளம்பிவிட்டார்கள். அன்று பெரியவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை டிவியில் பார்த்தேன். தெரிந்தவர்கள் போய்விட்டால் சொல்வதற்கு ஆள் இருக்காது. அந்த அவசரத்தில்தான் மூன்று வாரம் உட்கார்ந்தேன்.

நேரமாகிவிட்டது என்று இப்போது விளக்கம் கொடுக்கிறீர்கள். எனக்குப் பிறகு முக்கால் மணி நேரம் பொன்னாடை போர்த்தினீர்கள். அதைப் பற்றி மேலே பேச விரும்பவில்லை.

முன்வரிசையில் மஞ்சள் பாவாடை போட்ட ஒரு பிள்ளை இருந்தாள். எட்டு ஒன்பது வயது இருக்கும். ஒரே வருஷம், ஒரே ஊர், ஒருவருக்குக் கைதட்டல், ஒருவருக்கு வீடு இல்லை, இருவர் பெயரையும் சொல்லுங்கள் என்று நான் கேட்டு முடிக்கவில்லை, அவள் கை மேலே போய்விட்டது. பாதி எழுந்தே விட்டாள். மைக் கை மாறியது. "நம்ம விஷயமா கேளுங்க" என்ற சத்தம் வந்ததும், தப்பு செய்துவிட்டவள் போல அம்மாவைப் பார்த்துவிட்டு, கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளையின் அப்பா அம்மா இதைப் படித்தால், அவளிடம் பதில் என்ன என்று கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவளுக்கு எடுத்து வைத்த பரிசுப் புத்தகம் என் வண்டியிலேயே இருக்கிறது.