ஆத்தும சோதனை நன்றியில் தொடங்கட்டும்

இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறுகளில் எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது, தலைகுனிந்தபடி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் சிலரை எங்கள் பக்கத்துச் சபைகளில் எப்போதும் பார்க்கலாம். கேட்டால், "மனசு சரியில்லை, இந்த மாசம் எடுக்கலை" என்பார்கள். மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும், அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு இருக்கும். தங்களைச் சோதித்துப் பார்த்தார்கள், தகுதியில்லை என்று முடிவு செய்தார்கள், உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பயபக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் ஆத்தும சோதனையில், அதாவது ஆண்டவர் முன் தன்னைத்தானே ஆராய்ந்து பார்ப்பதில், பாதியை மட்டும்தான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்பது என் வருத்தம்.

"எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 11:28). சோதித்துவிட்டுப் புசிக்கச் சொல்கிறார், ஒதுங்கி உட்காரச் சொல்லவில்லை. எதைச் சோதிக்க வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில் சற்று மேலே இருக்கிறது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பக்கத்தில் பசித்து நிற்கிறவன் உன் கண்ணில் படுகிறானா என்பதுதான் அங்கே பவுலின் கவலை. கவனிக்கிற பழக்கமே இல்லாதவன் தன்னை எப்படிச் சோதிப்பான்?

இங்கேதான் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது மூச்சையும் எண்ணங்களையும் நிதானமாகக் கவனிக்கும் பயிற்சி பற்றிய பேச்சும் வருகிறது. "செல்போனில் ஆப் போட்டு மூச்சைக் கவனிக்கிறேன், இது நமக்கு ஆகுமா?" என்று வாலிபப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரியவர்கள் "அது வேற மார்க்கம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சி பௌத்த தியானத்திலிருந்து எடுத்ததுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணங்களைக் கவனிப்பது நமக்கு அந்நியம் என்று சொன்னால் அது நம் சொந்தச் சரித்திரத்துக்கே பொருந்தாது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி, மனிதனைப் பிடிக்கிற எட்டு எண்ணங்களை ஒவ்வொன்றாக வைத்து எழுதினார். அதில் மத்தியானச் சோர்வைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும்: சூரியன் நகராததுபோலத் தோன்றும், பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதுபோல இருக்கும், துறவி அடிக்கடி ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பான். அலுவலகத்தில் மூன்று மணிக்கு நாம் செல்போனை எடுத்து எடுத்துப் பார்ப்பது வேறென்ன? "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்" என்று பேதுரு சொன்னதை அந்தத் துறவிகள் தினசரி வேலையாகவே செய்தார்கள்.

வித்தியாசம் ஒன்று உண்டு, அது பெரிய வித்தியாசம். நாம் தனியாக உட்கார்ந்து நம்மையே பார்ப்பதில்லை. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்பது 139ஆம் சங்கீதம். ஆராய்கிற வேலையை தாவீது ஆண்டவரிடம் கொடுக்கிறார். அவர் காட்டுவதைப் பார்ப்பது மட்டும்தான் நம் பங்கு.

ஆராய்கிற வேலையை ஆண்டவரிடம் விடாமல் நாமே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இஞ்ஞாசியாரின் வாழ்க்கையே சாட்சி. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவியவர். நான் சிஎஸ்ஐக்காரன் (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கன் இல்லை, இருந்தாலும் இதில் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். 1521இல் பம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தது, படுக்கையில் கிடந்தபோது மனம் திரும்பினார். அடுத்த வருஷம் மன்ரேசா என்ற ஊரில் தங்கினார். அங்கே பழைய பாவங்களை நினைத்து நினைத்துத் தன்னை வதைத்துக்கொண்டார். குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்வார், ஏதோ விட்டுப்போனது என்று மறுபடியும் போவார், எழுதிக்கொண்டு போயும் நிம்மதி வரவில்லை. தங்கியிருந்த அறையில் இருந்த பெரிய குழியில் விழுந்து உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைசியில், பழையதை இனி அறிக்கையிடப் போவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் மீண்டார். (இப்படிச் சுழலில் மாட்டியிருக்கிறவர்கள் இன்றும் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் "இன்னும் ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.)

அந்த மனிதர் எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலுக்கு 1548இல் பாப்பரசர் ஒப்புதல் கொடுத்தார். அதில் தினசரி ஆத்தும சோதனைக்கு அவர் வைத்த முதல் படியைப் பாருங்கள்: பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வது. அப்புறம்தான் பாவத்தைக் காண வெளிச்சம் கேட்பது, நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைய தீர்மானம் எல்லாம். மன்ரேசாவில் அவ்வளவு பட்டவர் நன்றியை முதலில் வைத்தது சும்மா இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு பள்ளிக்கூட டீச்சர் இதைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து, விளக்கை அணைத்துவிட்டு உட்காருகிறார். காலையில் பஸ்ஸில் யாரோ ஒரு பெண் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தது, இட்லி பூப்போல வந்தது, இதற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறார். பிறகு மணிவாரியாக வருகிறார். நாலாவது பீரியடில் ஒரு பையனைக் கத்திவிட்டார். வழக்கமான முறையில் என்றால் "கோபப்பட்டேன், மன்னியும்" என்று அதோடு முடிந்துவிடும். ஆனால் நிதானமாகப் பின்னால் போய்ப் பார்க்கும்போது, இன்டர்வெல்லில் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்ன குத்தல் வார்த்தை நினைவுக்கு வருகிறது. அப்போது தொண்டை அடைத்தது, சிரித்துச் சமாளித்தார். அந்த வலிதான் வகுப்பில் பையன்மேல் இறங்கியிருக்கிறது. இப்போது ஆண்டவரிடம் பேச இரண்டு விஷயம் இருக்கிறது: தான் பட்ட காயம், தான் கொடுத்த காயம். மறுநாள் அந்தப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்க அவருக்குத் தோன்றும். பொத்தாம்பொதுவான பாவ அறிக்கையில் அந்தப் பையன் வந்திருக்கவே மாட்டான்.

இயேசு சொன்ன உவமையில், வீட்டை விட்டுப் போய் எல்லாவற்றையும் அழித்துப் பன்றி மேய்த்த கெட்ட குமாரனுக்குப் புத்தி தெளிந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது என்ன? தகப்பன் வீட்டில் கூலிக்காரர்களுக்குக்கூடப் பூர்த்தியான சாப்பாடு இருக்கிறது என்பது. "பாவஞ்செய்தேன்" என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த வீட்டின் நினைவு இல்லாதிருந்தால் பன்றிகளுக்கு நடுவிலேயே தன்னைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். பாவ அறிக்கைக்கு முன்பு "சற்று நேரம் மௌனமாயிருப்போம்" என்கிறீர்கள். கண்ணை மூடுவதற்குள் அடுத்த வரி தொடங்கிவிடுகிறது. முழுசாக ஐந்து நிமிடம் கொடுங்கள். அதில் முதல் இரண்டு நிமிடம் இந்த வாரம் கிடைத்த நன்மைகளை மட்டும் நினைக்கச் சொல்லுங்கள். பிறகு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிலரிடம், "சோதிச்சுப் பாத்தாச்சுல்ல, இப்ப வாங்க" என்று நீங்களே வாய் திறந்து கூப்பிடுங்கள்.