உயரத்தை மட்டும் பார்த்தால் போதுமா?
மரக்கன்றுகளுக்கு இயற்கை உரமா ரசாயன உரமா என்று ஒப்பிட்ட உங்கள் கட்டுரை, யூரியா போட்ட நாற்றுகள் உயரமாக வளர்ந்தன, அதனால் ரசாயன உரமே மேல் என்று முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் தண்டு நெடுநெடுவென்று போகும், வேர் அந்த அளவுக்கு ஓடாது, அப்படிப்பட்ட கன்று நட்ட இடத்தில் முதல் வறட்சியைத் தாங்குவதே கஷ்டம். தண்டின் அடிப்பருமனை அளந்தீர்களா, வேரின் எடையை? நாற்று வளரும் பையில் இருப்பது கொஞ்சம் மண், உரத்தின் உப்பு சேர்ந்தால் இலை நுனி கருகிவிடும். அதற்காக இயற்கை உரம் என்றாலே நல்லது என்றும் சொல்லமாட்டேன். மட்காத சாணத்தைப் போட்டால் அதன் சூடு வேரைக் கெடுக்கும், களை விதை வேறு. நன்றாக மட்கிய தொழுவுரத்தை மண்கலவையில் சேர்த்து, சத்துக்குறை தெரிந்தால் மட்டும் ரசாயன உரத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். அப்புறம், வாகை, கருவேலம் போன்ற பயறு குடும்ப மரங்களுக்கு யூரியாவை அள்ளிக் கொடுத்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சே சரியாக உருவாகாது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.