திரையில் 5 டிகிரி என்றால் அறை முழுக்க 5 டிகிரி அல்ல

மலேசியாவின் பிறை ஊரில் மருந்துக் கிடங்கு தொடங்கப் போகிறவருக்கு, "குளிர் அறைத் திரை 5 டிகிரி காட்டினால் போதும், வெப்பநிலை மேப்பிங் எல்லாம் காசு பிடுங்கும் வேலை" என்று மேலே ஒரு தம்பி பதில் போட்டிருக்கிறார். மேப்பிங் என்றால் அறையின் பல இடங்களில் வெப்பநிலையை அளந்து பார்ப்பது. அவர் சொன்னது தவறு. திரை சொல்வது அதன் சென்சார் இருக்கும் ஒரே இடத்தின் கதை. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய அறையில், விசிறிக் காற்று நேராக அடிக்கும் மேல்தட்டு 2 டிகிரிக்குக் கீழே இறங்கலாம், கதவோரம் 8ஐத் தாண்டலாம். இன்சுலினும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியும் ஒரு தடவை உறைந்தால் வீண்தான். பல நேரம் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் வம்பு.

மூலைகள், நடு, கதவருகே என்று அளவுத்திருத்தம் செய்த டேட்டா லாக்கர்களை (வெப்பநிலையைத் தொடர்ந்து பதியும் சின்னக் கருவிகளை) வைத்துப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டியில் குளிர் அறைக்கு 24 முதல் 72 மணி நேரம், சாதாரணக் கிடங்குக்குக் குறைந்தது 7 நாள், வார இறுதியும் சேர்த்து. காலி அறையில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பெட்டி அடுக்கியதும் காற்றோட்டமே மாறிவிடும். அப்புறம், ரேக்கை மாற்றினாலோ குளிரூட்டியை மாற்றினாலோ மறுபடி செய்ய வேண்டும். நிரந்தர சென்சாரை எங்கே பொருத்துவது என்பதையும் இந்த மேப்பிங்கில் தெரியும் அதிகச் சூடான, அதிகக் குளிரான இடங்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.