ஸ்கேன் பண்ணாத்தான் தேத்தண்ணி

"இன்டர்நெட் இல்லாத அந்த இனிய காலத்துக்கு வாங்க"ன்னு சுவரு பூராவும் எழுதி வச்சிருக்கான் பாவிப் பய. சுவருக்குக் கீழ மேசை. மேசையில கியூஆர் கோட். அதை ஸ்கேன் பண்ணாத்தான் தேத்தண்ணி வருமாம்.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு கடை திறந்திருப்பான். இல்லேன்னா அடுத்த மாசம் திறப்பான். இங்க மலேசியாவுல, பத்தாங் பெர்ஜுந்தையில திறந்துட்டான். ஊர் பேரை 2007-லயே பெஸ்தாரி ஜெயான்னு மாத்தியாச்சு. அந்த வேகத்துல போன் லைனையும் சரி பண்ணியிருந்தா நான் எதுக்கு இப்படி ராத்திரியில உக்காந்து புலம்பப் போறேன்?

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பி வர்ற வழி. "ஒரு தே குடிச்சிட்டுப் போலாம்யா"ன்னுச்சு. சரின்னு உள்ள போய் உக்காந்தோம். பையன் வந்தான்.

"ஸ்கேன் பண்ணுங்க அங்கிள்."

பண்ணேன். வட்டம் சுத்துது. சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு.

"லைன் இல்லியே தம்பி."

"வைஃபை இருக்கு அங்கிள்."

"பாஸ்வேர்ட் என்னப்பா?"

"ரசீதுல இருக்கும் அங்கிள்."

"ரசீது எப்ப வரும்?"

"ஆர்டர் பண்ணதும் வரும் அங்கிள்."

கேட்டீங்களா? ஆர்டர் பண்ண வைஃபை வேணும். வைஃபைக்கு ரசீது வேணும். ரசீதுக்கு ஆர்டர் பண்ணணும். இதைச் சொல்லும்போது அந்தப் பையன் மூஞ்சில ஒரு சின்னச் சந்தேகம்கூட இல்லை.

எழுந்து வெளிய போனேன். சாக்கடை ஓரமா, நிறுத்தி வச்சிருந்த மோட்டாருக்கு நடுவுல, கையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னா ஒரு கோடு லைன் வருது. பக்கம் திறந்துச்சு. பேரு கேட்டான், குடுத்தேன். போன் நம்பர் கேட்டான், குடுத்தேன். பிறந்த தேதி கேட்டான். தே குடிக்க வந்தவன் என்னைக்குப் பொறந்தா இவனுக்கென்ன, ஜாதகமா பாக்கப் போறான்? அதையும் குடுத்தேன். ஆறு இலக்க நம்பர் அனுப்பியிருக்கோம், அதைப் போடுங்கன்னான். அந்த நம்பர் ஆடி அசைஞ்சு வந்து சேர்றதுக்குள்ள "நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் முயலவும்"னு வந்துருச்சு.

உள்ள வந்தேன். "தம்பி, நான் வாயால சொல்றேன், நீ காதால கேளு. ரெண்டு தே. ஒண்ணுல சீனி குறைச்சு. அவ்வளவுதான்."

"சிஸ்டம் ஏத்துக்காது அங்கிள்."

சிஸ்டமாம்! அந்தக் காலத்துக் கடையில அண்ணன் மேசையைத் துடைச்சுக்கிட்டே "தே டுவா, கோப்பி ஓ சத்து!"ன்னு மலாய்ல ஒரு கத்து கத்துவாரு. ரெண்டு தே, பால் இல்லாத கோப்பி ஒண்ணுன்னு அர்த்தம். அங்க தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும். யாருக்குச் சீனி குறைச்சல், யாருக்குப் போன சம்பளத்துப் பாக்கி நிக்குது, எல்லாம் மண்டையில இருக்கும். பழைய காலத்தைக் காட்டுறேன்னு கடை திறந்தவனுக்கு இந்த ஒண்ணைக் காட்டத் தெரியலையே!

காட்டுனது வேற. சீனிப் பொட்டலத்தை எதுல போட்டு வச்சிருக்கான்னு நினைக்கிறீங்க? பால் மங்குல. கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல, பால் வடியக் கம்பியில மாட்டுவோமே, அதே மங்கு. எங்கம்மா வாழ்நாள் பூரா பால் மரம் வெட்டுனவங்க. நான் வெளிய லைன் தேடிட்டு இருந்த நேரத்துல அந்த மங்கைக் கையில எடுத்துட்டாங்க. சீனியைக் கொட்டிட்டு, மங்குல காஞ்சு ஒட்டியிருக்குற ஒட்டுப்பாலை உரிக்கிற மாதிரி கட்டை விரலை உள்ள விட்டு ஒரு சுத்து சுத்தினாங்க. மோந்து பாத்தாங்க. பையனைக் கூப்பிட்டாங்க.

"ஏன்யா, இதுல நீ பால் எடுத்திருக்கியா?"

"பால் தனியா ஆர்டர் பண்ணணும் பாட்டி."

அவன் மேல தப்பில்லை. அவனுக்கு இருபது வயசு இருந்தா அதிகம். சுத்தி இருக்குற தீம்பாரெல்லாம், அதான் ரப்பர் தோட்டமெல்லாம், எண்ணெய்ச் செம்பனையா மாறினப்புறம் பொறந்தவன், கித்தாவைக் கண்டானா? எனக்குக் கோபமெல்லாம் சுவரை அலங்காரம் பண்ண அந்த மேதாவி மேலதான். பால்வெட்டுக் கத்தியைத் தலைகீழா மாட்டியிருக்கான். அது பக்கத்துல மாட்டு வண்டிப் படம், தூர்தர்ஷன் சின்னம்! டேய், பள்ளிக்கூடத்துக்கு டிராக்டர்ல தொத்திக்கிட்டுப் போனவங்கடா நாங்க. எங்களுக்கு இந்த நாட்டு அரசாங்க டிவி ஆர்டிஎம்டா. ரேடியோ ஆறுடா, இப்ப மின்னல் எஃப்எம்னு சொல்றீங்களே, அந்தத் தமிழ் வானொலியோட பழைய பேரு. சாயங்காலம் லயத்துல, அதான் தோட்டத்து வீட்டு வரிசையில, முதல் வீட்டுலருந்து கடைசி வீடு வரைக்கும் நடந்தா ஒரே பாட்டை விட்ட வரி இல்லாம கேக்கலாம். யாரோ தஞ்சாவூர்க்காரன் பால்யத்தைக் கொண்டாந்து எங்க தலையில கட்டுறியே!

அப்புறம் கழிவறைக்குப் போனேன். தமிழ் நேசனை ஒட்டி வச்சிருக்கான். 1924-ல ஆரம்பிச்சு 2019-ல நின்னுபோன பத்திரிகை. தோட்டத்துல ஒரு பேப்பர் வந்தா ஆளுக்கொரு பக்கம் பிரிச்சுக்கிட்டுப் படிச்சோம். அது இப்ப கைகழுவுற இடத்துல அலங்காரக் காகிதம்.

இனிய காலமாம். இந்த நாட்டுக்கு ஜாரிங்ங்கிற இன்டர்நெட் சேவை புண்ணியத்துல இன்டர்நெட் வந்தது 1992-ல. அப்ப எங்க லயத்துக்குக் கரண்டே ஜெனரேட்டர்ல. ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திருவான். மழை பேஞ்சா வேலை இல்லை, வேலை இல்லேன்னா சம்பளம் இல்லை. சித்தியவான்ல எங்க அத்தை செத்த சேதி தந்தியா ஆபீசுக்கு வந்துச்சு. கிராணி, அதான் தோட்டத்து கிளார்க், அதை மேசையில வச்சிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. நாங்க பஸ் மாறி மாறிப் போய்ச் சேந்தப்ப காடாத்தே முடிஞ்சிருச்சு. வாசப்படியில உக்காந்து எங்கப்பா அழுததை அந்தச் சுவத்துல மாட்டுங்களேன் பாப்போம்.

எழுந்தோம். அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாங்க: "ஒட்டுப்பால் வாடைதான் குறைச்சல். அதையும் புட்டியில போட்டு வச்சிருந்தா இன்னும் அஞ்சு வெள்ளி சேத்துப் போட்டிருப்பான்." ஒரு தே 9.90 வெள்ளி, அதான் ரிங்கிட், தெரியுமில்ல? எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கார் சாவியைத் தேடிக்கிட்டே சிரிக்கிறேன், அம்மா "என்னடா?"ங்குது.

நேரா ரோட்டோர ஒட்டுக்கடைக்குப் போனோம். கேட்ட உடனே தே வந்துச்சு. ரெண்டு ரொட்டி சானாயும் சொன்னேன். வந்தது. கூடவே ஒரு கிண்ணத்துல பருப்புக் கறின்னு ஒண்ணு வந்துச்சு. மஞ்சத் தண்ணி. அடியில பருப்பைத் தேடுறேன், கரண்டி கிண்ணத்துல மோதுற சத்தம்தான் கேக்குது. யோவ், ஒரு ரொட்டிக்கு விலையை ஏத்திட்டே, சரி. அளவைச் சின்னதாக்கிட்டே, சரி. பருப்புல ஏன்யா கை வைக்கிறீங்க? இதைக் கேக்க இந்த நாட்டுல ஒரு ஆள் இல்லியா?