பெட்ஸி ராஸ் கொடிக் கதை பத்தி ஒரு திருத்தம்

1776ல ஜார்ஜ் வாஷிங்டனே நேர்ல வந்து கேட்டு பெட்ஸி ராஸ்ங்கற பிலடெல்பியா தையல்காரம்மா முதல் அமெரிக்கக் கொடிய தைச்சாங்க, அதுக்கு அந்தக் காலத்து ஆவணமே இருக்குன்னு ஒருத்தர் சொல்லியிருக்காங்க. அப்படி ஆவணம் எதுவும் கிடைக்கலங்க. அந்தக் கதை பரவலா வெளிய வந்ததே 1870ல, அவங்க பேரன் வில்லியம் கேன்பி பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்துல படிச்ச கட்டுரை வழியா தான், அதுவும் வீட்ல கேட்டத வச்சு, பாட்டி இறந்து 34 வருஷம் கழிச்சு. குடும்பத்துல மத்தவங்ககிட்டயும் எழுதி கையெழுத்து வாங்கி வச்சாங்க, அது ரொம்ப நல்ல வேலை, ஆனா அது குடும்ப நினைவு, 1776 பதிவு இல்ல. பெட்ஸி ராஸ் கொடி தைக்கிற வேலை செஞ்சவங்கங்கறது மட்டும் உண்மை. செக் பண்ணணும்னா லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல கான்டினென்டல் காங்கிரஸ் (அன்னிக்கு அமெரிக்காவ நடத்துன பிரதிநிதிகள் சபை) ஜர்னல்ஸ், அதாவது சபை நடவடிக்கைப் பதிவு, எடுத்து 1777 ஜூன் 14 பாருங்க, கொடித் தீர்மானம் ரொம்பச் சின்னது, ஒரே ஒரு வாக்கியம் தான், தைச்சவங்க பேரே அதுல இல்ல.