சேர மாட்டோம்னு எழுதிக் குடுத்தவங்க சேர்ந்தா என்ன இப்ப?

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் ரூம் கதவை சாத்திக்கிட்டு சைபர்பங்க் 2077ங்கற வீடியோ கேம் ஆடிட்டு இருக்கான், உள்ளேருந்து தொண்டை கிழியற மாதிரி ஒரு குரல். கதவைத் தள்ளிட்டு "டேய் இது ரெஃப்யூஸ்ட் டா"ன்னேன். "இல்ல மாமா, இது சாமுராய், கேம்ல வர்ற பேண்ட், நிஜத்துல கிடையாது"ன்னு திரும்பிக்கூட பாக்காம சொல்றான்.

அவன் சொன்னது பாதி சரி. சாமுராய் கற்பனை பேண்டுதான், ஆனா அதுக்குப் பாட்டு போட்டுக் குடுத்தது ரெஃப்யூஸ்ட்ங்கற ஸ்வீடன் பங்க் பேண்ட் (பங்க்னா வேகமா, கத்திப் பாடற கோவக்கார ராக்), நடிகர் கியானு ரீவ்ஸ் மூஞ்சியோட வர்ற சாமுராய் பாடகன் ஜானி சில்வர்ஹேண்ட் பாடறப்ப கேக்கறது ரெஃப்யூஸ்ட் பாடகர் டென்னிஸ் லிக்ஸேனோட குரல். கூத்து என்னன்னா அந்தக் கதையிலயும் சாமுராய் உடைஞ்சு போன பேண்டு, பழைய ஆளுங்களை ஒவ்வொருத்தரா பிடிச்சு ஒரு கச்சேரிக்கு சேர்த்து வைக்கற வேலை ஆடறவன் தலையில விழுது. சேர மாட்டோம்னு சபதம் போட்ட ஒரு பேண்டைக் கூட்டிட்டு வந்து இந்தக் கதைக்குப் பாட வச்சிருக்காங்க பாருங்க!

இதை ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன்கிட்ட போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னா, "அவனுங்க துப்புனதையே நக்குனவனுங்க, அவனுங்களைப் பத்தி பேசாத"ங்கறான். 20 வருஷம் முன்னாடி எம்பி3 சிடில இவங்களோட ஷேப் ஆஃப் பங்க் டு கம் ஆல்பத்தை எனக்குக் காப்பி பண்ணிக் குடுத்ததே இவன்தான். அந்தக் கடுப்புலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஸ்வீடனோட வடக்குல உமியோன்னு ஒரு யுனிவர்சிட்டி டவுன், 90கள்ல அங்க குடிக்காத, புகைக்காத, கறி முட்டை தொடாத ஸ்ட்ரெய்ட் எட்ஜ் பசங்க கூட்டம் பெருசா இருந்துச்சு, அதுக்குள்ளேருந்து வந்தவங்க இவங்க. முதலாளித்துவத்தைத் திட்டாம ஒரு பாட்டு முடியாது. மூணாவது ஆல்பம்தான் 1998-ல வந்த ஷேப் ஆஃப் பங்க் டு கம். ஆர்னெட் கோல்மன்ங்கற ஜாஸ் மேதையோட 1959 ஆல்பம் ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம் பேரைக் கொஞ்சம் மாத்தி வச்சுக்கிட்டாங்க, பங்க் இனி எப்படி இருக்கும்னு நாங்க காட்டறோம்ங்கற திமிரு. பேர் மட்டும் இல்ல, உள்ள நெஜமாவே ஜாஸ் இருக்கு, டெக்னோ இருக்கு, நடுவுல யாரோ பேசறது இருக்கு, கொலவெறிக் கத்தலும் இருக்கு.

ஆனா அப்போ அதை எவனும் சீண்டல. அமெரிக்கா டூர் போனாங்க, வேன்ல போக வர உள்ளுக்குள்ள சண்டை, கூட்டமும் சரியா இல்ல, டூரை நடுவுலயே முடிச்சுக்கலாம்னு முடிவாச்சு. கடைசி ஷோ வர்ஜீனியா மாநிலம் ஹாரிசன்பர்க்ல, ஒரு வீட்டோட பேஸ்மெண்ட்ல! ஹால் இல்ல, மேடை இல்ல, ஆளுக்கு ஆள் மூஞ்சிலயே வேர்வை தெறிக்கற இடம். சில பாட்டுலயே போலீஸ் வந்து நிறுத்திட்டாங்க. பேண்டு செத்த அதே அக்டோபர்ல ஆல்பம் கடைக்கு வருது. அதாவது குழந்தை பிறக்கறப்ப அப்பன் ஆத்தா டைவர்ஸ் ஆயாச்சு.

அதோட கம்முனு போயிருந்தா வம்பில்ல, போற போக்குல ஒரு அறிக்கை விட்டாங்க. ரெஃப்யூஸ்ட் செத்துப்போச்சு, இனி சேர்ந்து வாசிக்கவே மாட்டோம், நடந்ததைக் கொண்டாடவும் மாட்டோம், பத்திரிகைக்காரங்க எங்க பழைய போட்டோவை எல்லாம் எரிச்சிடுங்க. அந்த வயசுல இப்படித்தானே எழுதுவோம், நான் எழுதுன ராஜினாமா கடிதம் ஒன்னு இருக்கு, இப்ப படிச்சா தலையை எங்க கொண்டு வச்சுக்கறதுன்னு தெரியாது.

இதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்த ஆல்பத்தோட ஆறாவது பாட்டு நியூ நாய்ஸ், அதோட வீடியோ சுத்துது, சிடி கை மாறுது, டெளன்லோடு ஆகுது, பேண்டே இல்லாத பேண்டுக்கு ரசிகர்கள் வருஷா வருஷம் ஏறிட்டே போறாங்க. அந்தப் பாட்டை முத தடவை கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரே கிட்டார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்டு, அமுக்கி அமுக்கி வாசிக்கறாங்க, இதோ வெடிக்கப் போகுதுன்னு பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தா வெடிக்காம திடீர்னு எலக்ட்ரானிக் பீட்டுக்குப் போயிடும், சரி ஏமாத்திட்டானுங்கன்னு தோள் தளர்ற நேரத்துல வரும் பாருங்க ஒரு அலறல். நானும் அவனும் ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதுல வச்சுக் கேட்டோம், என் பக்கம் ஸ்பீக்கர் பாதி அவுட்டு, அப்பவும் தூக்கிவாரிப் போட்டுச்சு. இப்ப தி பேர் சீரியல்ல கிச்சன் சீன் பின்னணியில அதே ரிஃப் ஓடி புதுசா ஒரு கூட்டம் தேடிட்டு வந்துச்சு.

2012-ல சேர்ந்தாங்க, அமெரிக்காவுல நடக்கற கோச்செல்லா இசை விழா மேடை. சேர்றப்ப அவங்க சொன்ன காரணத்தை யாரும் ஒழுங்கா படிக்கறதில்ல. அந்த ஆல்பம் வந்தப்ப அதுக்கு நாங்க நியாயம் பண்ணல, சில்லறைச் சண்டையில இருந்தோம், இப்ப அதை வாசிக்க வேண்டிய மாதிரி வாசிக்க ஒரு வாய்ப்புன்னாங்க. இதுல என்ன பொய்? அந்தப் பாட்டெல்லாம் கூட்டத்துக்கு முன்னாடி ஒழுங்கா வாசிக்கப்பட்டதே இல்லங்க. துட்டும் வந்திருக்கும், வரட்டுமே. முதலாளித்துவத்தைத் திட்டிட்டு கோச்செல்லா மாதிரி காஸ்ட்லி விழாவுல ஏறலாமான்னு கேட்டா அது நியாயமான கேள்வி, எனக்கும் உறுத்துச்சு. ஆனா அதைக் கேக்கற என் நண்பன் வேலை பாக்கறது கிரெடிட் கார்டு கலெக்ஷன்ல, அவன் 25 வயசுல ஹாஸ்டல் சுவத்துல எழுதுனதை எல்லாம் நான் இங்க போட்டா குடும்பத்துல குழப்பம் வரும்.

அவனுக்கு உண்மையில வலி என்னன்னா, அவங்க உடைஞ்சே கிடந்தா அந்த ஆல்பம் அவன் தனிச் சொத்து. சமாதிக்கு இவன் பூசாரி. செத்தவன் எந்திரிச்சு வந்தா பூசாரிக்குத்தானே வேலை போகும்?

சேர்ந்தப்புறம் எல்லாம் பிரமாதம்னு நான் சொல்லல. 2014-ல கிட்டாரிஸ்ட் ஒருத்தர் தன்னை வெளிய அனுப்பிட்டாங்கன்னு பப்ளிக்கா சொன்னாரு, தோழர் தோழர்னு பாடற இடத்துல அது அசிங்கம். 2015-ல வந்த ஃப்ரீடம் ஆல்பத்துல பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டுக்கு ஹிட்டு பாட்டு போட்டுக் குடுத்த ஷெல்பேக் ரெண்டு பாட்டுல வேலை பாத்திருக்காரு, ரசிகனுங்க குய்யோ முறையோன்னாங்க, எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கல, ஆனா காரணம் அவர் இல்ல, பாட்டைக் கேட்டா பயமே வரல. 2019-ல வந்த வார் மியூசிக் பரவால்ல.

2024 ஜூன்ல லிக்ஸேனுக்கு ஹார்ட் அட்டாக், ஸ்டாக்ஹோம்ல ஒரு விழாவுல வாசிக்க இருந்த நேரத்துல. வாழ்க்கை பூரா மேடையில துள்ளிக்கிட்டே இருந்த மனுஷன், அம்பது தாண்டியாச்சு. தேறி வந்து அந்த டிசம்பர்ல சொந்த ஊர் உமியோவுல கடைசிக் கச்சேரியை முடிச்சாங்க. இந்த தடவை போலீஸ் வரல, பேஸ்மெண்ட் இல்ல, போட்டோவை எரிக்கச் சொல்லி அறிக்கையும் இல்ல. பாட்டை முழுசா வாசிச்சுட்டு இறங்குனாங்க.

நண்பனுக்கு அந்தக் கடைசிக் கச்சேரி வீடியோ ஒன்ன அனுப்பியிருக்கேன். ரெண்டு நாளா ப்ளூ டிக் மட்டும் நிக்குது, பதில் இல்ல. மருமகனுக்கும் அனுப்புனேன், "மாமா இவங்க நிஜமாவே இருக்காங்களா"ன்னு கேட்டான். இருந்தாங்கடா, 2024 டிசம்பர் வரைக்கும்னு சொல்லிட்டு ஆல்பம் லிங்க் போட்டிருக்கேன். ஆறாவது பாட்டுலேருந்து ஆரம்பிக்காத, மொத்தமா கேளுன்னு சொன்னேன், கேக்க மாட்டான்.